ஏழாவது வீட்டில் மக்கர் செய்யும் கார்

எங்கள் பட்டறைத் தெருவில் எனக்குப் பெயர் ‘காது’. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கையெழுத்துப் போட மட்டும் பயன்படுகிறது. மற்றபடி டயர் கடை முதல் தெருமுனை டீக்கடை வரை நான் காதுதான். “காது இருக்காரா?” என்று ஒருவர் முதன்முதலாக வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டபோது என் மனைவி முகத்தைச் சுளித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. எதிர்க்கடை டயர்காரருக்கு இதே தெரு வைத்திருக்கும் பெயர் ‘கொட்டாவி’. அதோடு ஒப்பிட்டால் நான் பட்டம் வாங்கியவன்.

என் தொழில், காரைக் கிளப்புகிற மோட்டார். சாவியைத் திருகியதும் இன்ஜினை முதல் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற சின்ன மோட்டார் அது. பட்டறையில் ‘செல்ஃப்’ என்போம். இருபத்தாறு வருடமாக அதை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் கோளாறுகளைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ‘டகடகடக’ என்று அடித்துக்கொண்டால் பேட்டரி காலி. ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாமல் கிடந்தால் பல்சக்கரம் மாட்டவில்லை. ‘டக்’ என்று கனமாக ஒரே ஒரு சத்தம் வந்து அத்தோடு நின்றுவிட்டால், மோட்டார் வரைக்கும் கரண்ட் வந்துவிட்டது, கோளாறு மோட்டாருக்குள்ளேதான். பெரும்பாலும் உள்ளே கரண்டைக் கடத்துகிற கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ், தேய்ந்திருக்கும்; திரும்பத் திரும்பக் கிளப்பிச் சூடேறியதும் மக்கர் செய்யும். சத்தமே வரவில்லையென்றால் மோட்டாருக்குக் கரண்டே வரவில்லை. சாவி, கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே, ஒயர் என்று மேலே போய்த் தேட வேண்டும்.

என் மொத்த வித்தையும் இவ்வளவுதான். ஒரு மத்தியானத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் அடித்த ஜம்பம் கொஞ்சநஞ்சமல்ல. வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள். நான் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே, “போனை பானெட் பக்கத்துல பிடிங்க. இப்ப யாரையாவது சாவியத் திருப்பச் சொல்லுங்க” என்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கண்ணை மூட வேண்டிய அவசியமே கிடையாது, அது பார்ப்பவர்களுக்காக. பார்ப்பவர்கள் என்றால் சமையலறையில் நிற்கிற என் மனைவி ஒருத்திதான். “டக்குன்னு ஒரு சத்தம் மட்டும்தானே? பிரஷ் போயிடுச்சு. மோட்டார் மேல ஒரு கம்பியால ரெண்டு தட்டு தட்டுங்க, இப்போதைக்குக் கெளம்பிடும். அப்படியே பட்டறைக்கு ஓட்டிட்டு வந்துடுங்க.” இதைச் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் சமையலறையைப் பார்ப்பேன். அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பாள்.

டெஸ்ட் லைட் என்று ஒரு சாமான் உண்டு. கரண்ட் வந்தால் எரிகிற சின்ன பல்பும் இரண்டு ஒயரும். எங்கள் தொழிலில் அது இல்லாத பட்டறை கிடையாது, என்னுடையதைத் தவிர. “காது இருக்கும்போது பல்பு எதுக்கு?” என்பது என் வசனம். அதைச் சொல்லும்போது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேனாம். அது கிரீஸ் ஏறி, தானாகவே நிற்கிற காலர்.

இரண்டு வருடமாகப் போன்களெல்லாம் மட்டமாகிவிட்டன. எத்தனை பெரிய போனாக இருந்தாலும் சத்தம் தெளிவாக வருவதில்லை. “வண்டிய நேர்ல கொண்டாங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். டிவியிலும் முன்பு போல வாயைத் திறந்து பேசுவதை நிறுத்திவிட்டார்கள், எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். நான் சத்தத்தைக் கூட்டுவேன், மனைவி வந்து குறைப்பாள். பக்கத்துப் பட்டறையில் ரேடியேட்டர்காரர் நாள் முழுக்கக் கிரைண்டர் ஓட்டுகிறார். பதினைந்து வருடமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவரிடமே பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று சரியாக விளங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மனைவிக்கு வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பு. மகள் வெளியூர் விடுதிக்குப் போன பிறகு தூசி தட்டி எடுத்தாள். ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டு வீடுகளில் ஊசி குத்தி, குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டு பத்து மணிக்குள் லேபில் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் மூன்று தடவை தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் நாள் வெள்ளைக் கோட்டை இரண்டு முறை இஸ்திரி போட்டாள். கண்ணாடி முன்னால் நின்று அவள் பெயர் எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். இருபது வருடத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. வண்டி எங்கள் பழைய கார். பழைய இரும்புக்குப் போக இருந்ததை நான் எடுத்து உயிர் கொடுத்தது. “பன்னெண்டு என்ன, நூறு வீட்டுக்குப் போ. செல்ஃப் யார் கையால மாட்டினது?” என்று வழியனுப்பினேன்.

மூன்றாவது வாரமே தாமதம். வந்ததும் வராததுமாகப் பையை நாற்காலியில் வைத்தாள்.

“என்னங்க, வண்டி ஏழாவது வீட்டுல மக்கர் பண்ணுது. சாவியத் திருப்பினா எடுக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா எடுக்குது.”

“வண்டிக்கு எண்ணத் தெரியுமா? ஏழாவது வீடுன்னு அதுக்கு யார் சொன்னது?”

“நான் எண்ணினேன். நேத்து எட்டாவது வீடு. இன்னிக்கு ஏழு.”

நான் வாசலுக்குப் போய்ச் சாவியைத் திருகினேன். வண்டி சட்டென்று கிளம்பியது. கையை விரித்துக் காட்டினேன். இதே வித்தையை ஒரு வாடிக்கையாளரிடம் காட்டியிருந்தால் அவர் அடுத்த பட்டறைக்குப் போயிருப்பார். மனைவிக்குப் போக இடமில்லை.

இன்னொரு நாளும் தாமதமானது. இந்த முறை அவள் வீட்டுக்கு வராமல் லேபிலிருந்து நேராகப் பட்டறைக்கே வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, “இப்ப பாருங்க” என்றாள். நான் பானெட்டைத் தூக்கிவிட்டு முன்னால் நின்றேன். அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி எடுக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நிசப்தம்.

“ஒரு சத்தமும் இல்ல. மோட்டாருக்குக் கரண்டே வரல” என்றேன்.

“டக்குன்னுச்சே!”

“அது ரிலே. உனக்கு முன்னால டேஷ்போர்டுக்குள்ள இருக்கு. அதோட சத்தம் உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்கும்.”

“இல்லைங்க, பானெட்டுக்குள்ளேர்ந்துதான் வந்துச்சு. கனமா வந்துச்சு.”

“ஏம்மா, செல்ஃப் வேலை நான் பாக்கிறேனா, நீ பாக்கிறியா?”

நான் சாவி சுவிட்சை மாற்றினேன். அதற்கு அடுத்த வாரம் ரிலேயை மாற்றினேன். அதற்கும் அடுத்த வாரம் சாவியிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஒயரைப் புதிதாக இழுத்தேன். ஒரு தேய்ந்த மோட்டாரைச் சுற்றி இவ்வளவு புத்தம்புதுச் சாமான்களை மாட்டிவைத்த எலக்ட்ரீஷியன் என்னைத் தவிர யாரும் இருக்க முடியாது. ஒயரை இழுத்தபோது என் முழங்கை அந்த மோட்டாரின் மேலேயே ஊன்றியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், எட்டு வாரம் ஆயிற்று. மூன்றாவது தாமதம் வரவே இல்லை. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டு, டீக்கடையில் நாலு பேரிடம், “ஒயர்லதான் இருந்துச்சு கோளாறு. வேற யாரா இருந்தாலும் மோட்டாரப் பிரிச்சிருப்பான்” என்று அளந்தேன்.

அந்த வார வியாழக்கிழமை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர். மெதுவாகப் பேசினார் என்று எனக்குக் கோபம்.

“சார், செல்ஃப்ல பிரஷ் மாத்தணும்” என்றார்.

வந்தவரே நோயைச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. “பிரஷ்னு யார் சொன்னது?”

“எங்கப்பாவுக்கு ரத்தம் எடுக்க ஒரு அம்மா வருவாங்க. அவங்க வண்டியும் எங்க வாசல்ல இதே மாதிரிதான் நிக்கும். ஆனா அவங்க அலட்டிக்கிறதே இல்ல சார். எறங்குவாங்க, பானெட்டத் தூக்குவாங்க, ரத்தப் பெட்டிக்குப் பக்கத்துலேர்ந்து ஒரு இரும்புக் கம்பிய எடுத்து ரெண்டு தட்டு தட்டுவாங்க. வெள்ளைக் கோட்டுல ஒரு பொட்டு அழுக்கு படாது. உக்காந்து சாவியத் திருப்பினா வண்டி கெளம்பிடும். என் வண்டிய நேத்து அவங்கதான் கேட்டுப் பாத்துட்டு, பிரஷ் தேஞ்சிருக்கு, இந்தத் தெருவுல இந்தப் பட்டறைக்குப் போங்க, நல்லாப் பண்ணுவாருன்னு சொன்னாங்க.”

என்ன கேட்பதென்று தெரியாமல், “அவங்களுக்கு நீங்க எத்தனாவது வீடு?” என்று கேட்டேன்.

“என்ன சார்?”

“அவங்க காலையில வர்றதுல, உங்க வீடு எத்தனாவது?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “ஏழாவதுன்னு ஒரு தடவ சொன்னாங்க” என்றார்.

சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பானெட்டைத் தூக்கினேன். அவர் சாவியைத் திருகினார். கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை.

“சத்தமே இல்லையே சார். சாவி சுவிட்சுதான் போயிருக்கு.”

“டக்குன்னு வந்துச்சே சார்.”

“அது ரிலே” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அந்த அம்மா அதையும் சொன்னாங்க. ரிலே சத்தம் நகத்தால சுண்டின மாதிரி சன்னமா இருக்குமாம். இது கனமா இருந்தா மோட்டார்தானாம்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணும் சொன்னாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. சத்தமே வரலன்னு நீங்க சொன்னா, டெஸ்ட் லைட் வச்சுப் பாக்கச் சொல்லுங்கன்னாங்க.”

ரேடியேட்டர்காரர் கிரைண்டரை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. தன் ஆணியிலிருந்து டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்காததுதான் சுருக்கென்று தைத்தது.

ஒரு ஒயரை இன்ஜின் இரும்பில் கவ்வவிட்டு, இன்னொன்றின் முனையைச் சாவியிலிருந்து வருகிற ஒயர் மோட்டாரில் சேருகிற இடத்தில் வைத்தேன். அடுத்த கையை மோட்டாரின் மேல் ஊன்றிக்கொண்டேன். அவர் திருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. என் உள்ளங்கையில் ஏதோ ஒன்று ஓங்கி உதைத்தது. உள்ளே இரும்பு இரும்பில் மோதுகிற உதை. இத்தனை வருடம் நான் ‘டக்’ என்று பேர் சொல்லி அழைத்த அதே சங்கதி. கைக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை.

“இன்னொரு தடவ” என்றேன். மறுபடி உதைத்தது. “இன்னொரு தடவ.” நாலு தடவை திருகச் சொன்னேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. வேலை போய்விடுமே, தெரு சிரிக்குமே என்ற பயமெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது, இரண்டு வருடமாக இன்னும் என்னவெல்லாம் என்னைத் தாண்டிப் போயிருக்கும் என்ற பயம்.

மோட்டாரைக் கழற்றிப் பிரித்தேன். பிரஷ்கள் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. புதிது போட்டு, கரித்தூளைத் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். கண்ணாடிக் கடைக்காரர் கிளம்பும்போது, “போன்லாம் இப்ப சரியா கேக்கறதில்ல சார், அந்தப் பழக்கத்துல...” என்று நான் ஏதோ வழிந்தேன். அவர் சிரித்தார். “என் கடைக்கு வர்றவங்களும் அப்படித்தான் சார் சொல்வாங்க. இப்பல்லாம் எழுத்த ரொம்பச் சின்னதா அடிக்கிறாங்கன்னு.”

சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் ஒரு காது பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அலமாரி அளவு அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லி ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, பெயருக்குக் களங்கம் வராதபடி சீராக அமுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். “ஐயா, நான் இன்னும் மெஷினையே போடல” என்றாள். கோளாறை மறைக்கிற வாடிக்கையாளர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். பொத்தானுக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. இரண்டு கோடுகள் கீழே சரிகிற ஒரு தாளைக் கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, அவளுக்கு லீவு. காலையில், “வா, உன் ஏழு வீட்டுக்கும் போயிட்டு வரலாம்” என்றேன்.

“ரத்தம் எடுக்கவா?”

“வண்டி நிக்கிறதப் பாக்க.”

அவள் சாவியை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதை நான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும்; எந்தப் புத்தியுள்ள மெக்கானிக்கும் செய்திருப்பான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, அவள் ஊசி குத்துகிற நேரம் காத்திருந்து, மறுபடி கிளப்பினோம். முதல் வீட்டில் மூன்று மாடி; லிஃப்ட் கிடையாது என்றாள். நாலாவதில் நாயைப் பிடித்துக் கட்டச் சொல்ல வேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி. அவள் பேசும்போது அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழாவது வாசலில், கண்ணாடிக் கடைக்காரரின் பச்சைக் கதவுக்கு முன்னால், வண்டி சொன்னது சொன்னபடி நின்றது.

இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். உள்ளங்கையை மோட்டாரின் மேல் வைத்து, “திருப்பு” என்று சைகை காட்டினேன். உதைத்தது.

“வந்துச்சா?” என்று அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள்.

வந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை. வாய்வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தாறு வருடப் பெயர் ஆயிற்றே. ஆனால் காலர் அன்றைக்கு ஏனோ நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, துவைத்த சட்டை.

“கைக்கு வந்துச்சு” என்றேன். “காதுக்கு வரல. உன் வண்டியோடதும் வரல, அவர் வண்டியோடதும் வரல. ரொம்ப நாளாவே வரல.”

தாளை எடுத்து நீட்டினேன். அவள் இறங்கி வந்து வாங்கிப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தினமும் பார்க்கிறவள். சரிகிற கோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

“கண்ணாடிக் கடைக்காரர வேணும்னுதானே அனுப்பினே?” என்று கேட்டேன்.

“வீட்டு வண்டின்னா பாக்க மாட்டீங்க. ஊரார் வண்டின்னாலாவது பாப்பீங்கன்னு நெனச்சேன்.”

“கம்பியால தட்டறத எங்க கத்துக்கிட்டே?”

“இருவது வருஷமா தட்டுல கைய வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு.”

நான் அசடு வழிந்தேன். அவளுடைய வேலையை இத்தனை வாரம் காப்பாற்றியது என் வித்தைதான். நான்தான் குறுக்கே நின்றிருக்கிறேன். “இன்னிக்கே பிரஷ் மாத்திடறேன். சோதனைக் காலம் முடிய இன்னும் எத்தன நாள் இருக்கு? இனிமே ஒரு நாள்கூட நிக்காது” என்றேன்.

அவள் தாளை மடித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு.

“அது முடிஞ்சு பத்து நாளாச்சுங்க. என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க.”

“சொல்லவே இல்லையே?”

“அன்னிக்கே சொன்னேன். நீங்க முகம் கழுவிக்கிட்டு இருந்தீங்க. பின்னாடி நின்னு சொன்னேன். ‘சரி சரி’ன்னு தலையாட்டினீங்க. இவ்வளவுதானா இவருக்குன்னு நெனச்சுக்கிட்டு உள்ள போயிட்டேன்.”

அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகமே இல்லை. தினமும்தான் முகம் கழுவுகிறேன், தினமும்தான் தலையாட்டுகிறேன். மூன்று மாதம் அவள் ஓடி ஓடி வாங்கிய சேதிக்கு நான் சோப்பு நுரையோடு ‘சரி சரி’ என்றிருக்கிறேன். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, இல்லாத ஒரு நட்டைத் தேடினேன்.

சற்று நேரத்தில் காரின் தகடு என் முழங்கைக்குக் கீழே அதிர்ந்தது. இரண்டு தட்டு. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையில் கம்பியோடு எனக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

“என்னை வேலையில நிரந்தரம் பண்ணிட்டாங்க!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

பச்சைக் கதவு திறந்தது. கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் கிரீஸ் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லு” என்றேன். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.